அரசு வேலையிலிருந்து வேறு வேலைக்கா? ராஜினாமா கடிதத்தின் அந்த ஒரு வரியைக் கவனியுங்கள்!

ராணிப்பேட்டை முத்துக்கடையில் ஒரு டீக்கடை. எங்கள் தெரு அக்கா ஒருவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். ராஜினாமா கடிதம். குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 11 வருடம் ஆகிறது அவருக்கு.

"எங்கேக்கா போறீங்க?"

"டி.ஆர்.பி-யில பாஸ் ஆயிட்டேன் தம்பி. முதுகலை ஆசிரியர். ஆர்டர் வந்ததும் இதைக் கொடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

சந்தோஷமான செய்திதான். ஆனால் கடிதத்தின் இரண்டாவது வரி உறுத்தியது. 'எனது சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலக விரும்புகிறேன்.'

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆன்லைனில் 12,000 ரூபாய் கட்டி ஒரு 'கரியர் கோச்சிங்' எடுத்திருக்கிறார். ஆறு வகுப்புகள். பயோடேட்டா, நேர்முகத் தேர்வு, தன்னம்பிக்கை எல்லாம் சொல்லிக் கொடுத்து, கடைசியில் ராஜினாமா கடிதத்துக்கு ஒரு மாதிரியும் அனுப்பியிருக்கிறார்கள். தனியார் கம்பெனி ஊழியருக்கு அது சரியான மாதிரி. இவர் அரசு ஊழியர் என்பதை அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு வரியில் என்ன இருக்கிறது?

தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 தெளிவாகச் சொல்கிறது: ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் இழக்கப்படும். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. உரிய அனுமதி பெற்று, அரசின் இன்னொரு பணியில் சேர்வதற்காக ராஜினாமா செய்தால் பழைய பணிக்காலம் போகாது.

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் வந்தவர்கள். 'அப்போ எனக்கு இது பொருந்தாதே' என்று விட்டுவிட முடியாது. சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு, புதிய பதவியில் ஊதியப் பாதுகாப்பு போன்றவையும் பணித்தொடர்ச்சியை நம்பியே இருக்கின்றன.

மத்திய அரசில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: டெக்னிக்கல் ரெசிக்னேஷன். 2016 ஆகஸ்ட் 17-ல் மத்திய பணியாளர் துறை இதற்கான விதிகளைத் தொகுத்து வெளியிட்டது. நிரந்தரப் பணியில் இருப்பவருக்குப் பழைய பதவியின் மீதான 'லீன்' உரிமை வழக்கமாக இரண்டு ஆண்டுகள் இருக்கும். ரயில்வே, கடற்படைத் தளம், சி.ஐ.எஸ்.எஃப் மையம் எல்லாம் அரக்கோணத்தில் இருப்பதால், நம் மாவட்டத்தில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

டெல்லி ஊழியருக்கு நடந்தது

டெல்லி மின்சாரத் துறையில் 1968-ல் தினக்கூலியாகச் சேர்ந்து, 1971-ல் பணி நிரந்தரம் பெற்ற ஒருவர், 1990 ஜூலையில் ராஜினாமா கொடுத்தார். பிறகு ஓய்வூதியம் கேட்டபோது மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 டிசம்பரில் தீர்ப்பு மாறியது. ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. ராஜினாமா என்று கொடுத்ததைப் பின்னால் விருப்ப ஓய்வாகக் கருதச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். 29 வருடத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்த ஒரு கடிதம் கடைசி வரை அவரை விடவில்லை.

தனியார் துறைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது முக்கியம். 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் டாடா கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, 'அங்கே போயிடலாமா' என்ற பேச்சு நம் ஊர் அரசு அலுவலகங்களிலும் கேட்கிறது. தமிழக அரசு ஊழியர் 20 ஆண்டு தகுதியான பணிக்காலம் முடித்திருந்தாலோ, 50 வயது நிறைந்திருந்தாலோ, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். உங்களுக்கு 19 வருடம் முடிந்திருந்தால், காசு வாங்காமல் யாரும் தரக்கூடிய நல்ல ஆலோசனை 'இன்னும் ஒரு வருஷம் பொறுங்க' என்பதுதான்.

செலவில்லாத வழிகள்

* மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். வேலை இல்லாதவர்கள் பதிவு செய்யும் இடம் என்று மட்டும் நினைக்கிறோம். பெயரிலேயே 'வழிகாட்டும்' என்று இருக்கிறது. தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகளும் நடத்துகிறார்கள்.

* அதே துறையின் மெய்நிகர் கற்றல் இணையதளம். பாடக்குறிப்புகளை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். அலுவலகம் முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் புத்தகம் எடுப்பவர்களுக்கு உதவும்.

* மத்திய அரசின் என்.சி.எஸ் இணையதளம். 2015-ல் தொடங்கியது. பதிவு இலவசம். உதவி எண் 1514.

* உங்கள் அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவு. உங்கள் பணிப்பதிவேடு இருப்பது அங்கேதான். அதை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். பதிவில் விடுபட்டதை வேலையில் இருக்கும்போதே சரிசெய்வது சுலபம்.

இவற்றுக்குப் பிறகும் கட்டணப் பயிற்சி வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தடையின்மைச் சான்று எப்போது வாங்க வேண்டும்? ராஜினாமாவுக்கும் விருப்ப ஓய்வுக்கும் என்ன வித்தியாசம்? என் பணிக்காலம் தொடருமா? பதில் சொல்லத் தடுமாறினால் அந்தப் பயிற்சி உங்களுக்கானது அல்ல.

இன்னொன்று. சம்பளத்துக்கு வெளியே தொழில் பழகிப் பார்க்கலாம் என்று சனி, ஞாயிறுகளில் பகுதிநேர வேலைக்குப் போய்விடாதீர்கள். முன் அனுமதி இல்லாமல் வேறு வேலையோ வியாபாரமோ செய்வதை 1973-ம் ஆண்டு நடத்தை விதிகள் தடுக்கின்றன.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நல்லவேளையாக, தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே அலுவலகத்தில் தெரிவித்து, தடையின்மைச் சான்றும் வாங்கி வைத்திருந்தார். உறவினரான ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் கடிதத்தைப் பார்த்து, 'சொந்தக் காரணங்களுக்காக' என்பதை அடித்தார். தேர்வு வாரியத் தேர்வு, தடையின்மைச் சான்றின் எண், சேரப்போகும் பதவி மூன்றையும் குறிப்பிட்டு, அந்தப் பதவியில் சேர்வதற்காகப் பணியிலிருந்து விடுவிக்கும்படி எழுதச் சொன்னார்.

அவர் கேட்ட கட்டணம் ஒரு டீ. "பன்னெண்டாயிரம் கட்டின இடத்துல இந்த ஒரு வரியைச் சொல்லலையே தம்பி" என்றார் அக்கா, கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தபடி.