உடையாத ஜன்னலில் ஒரு சிக்கல்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் உள்ள பந்தயப் பாதைகளைச் சில நாட்களில் சொந்தக் கார்காரர்களுக்குக் கட்டணத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். அங்கே வரும் கார்களில் ஒரு வரிசைக்கிரமம் உண்டு. முதல் தடவை வருபவர் வீட்டுக் காரை அப்படியே ஓட்டி வருகிறார். அடுத்த தடவை பின் சீட் இருக்காது. பிறகு கார்ப்பெட், ஸ்டீரியோ, ஸ்டெப்னி ஒவ்வொன்றாக விடைபெறும். கழற்ற இனி ஒன்றுமில்லை என்ற கட்டத்தில் அவர் பார்வை ஜன்னல் மீது விழுகிறது. கண்ணாடியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டால் என்ன?

நியாயமான யோசனைதான். பெரிய கம்பெனிகளே செய்திருக்கின்றன. 1987-ல் வந்த ஃபெராரி எஃப்40-ன் ஆரம்பகாலக் கார்களில் கதவுக்குக் கண்ணாடி கிடையாது. நகர்த்தித் திறக்கும் சிறு பலகை வைத்த பிளாஸ்டிக் ஜன்னல்தான். ஃபெராரிக்குக் கண்ணாடி வாங்கப் பணமில்லாமல் போய்விடவில்லை. நம் நாட்டில் இந்தக் கேள்வி கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தது. காரணம், இங்கே பந்தயம் என்றால் வெகுகாலம் ஒற்றை இருக்கைத் திறந்த கார்கள்தான் நினைவுக்கு வரும். மாருதி 800 எஞ்சினை வைத்து கோவை கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதியில் ஜன்னலே கிடையாது; அதனால் ஜன்னல் பிரச்னையும் கிடையாது. எஸ்டீம், ஹோண்டா சிட்டி, போலோ என்று கூரையுள்ள கார்கள் தடத்தில் பெருகிய பிறகுதான் இந்தப் பேச்சு.

கணக்கைப் பார்ப்போம். கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப் போல இரண்டரை மடங்கு. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு 1.2 மடங்கு. 4 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி, சதுர மீட்டருக்கு 10 கிலோ. 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் 3.6 கிலோ. நான்கு கதவும் பின்புறமும் சேர்ந்து இரண்டு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 12, 13 கிலோ மிச்சம். கதவுக்குள் இருக்கும் ஏற்றி இறக்கும் மெஷினும் மோட்டாரும் போனால் இன்னும் சில கிலோ. 900 கிலோ காரில் இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். எடை எங்கே இருந்தது என்பதுதான் விஷயம். ஜன்னல், காரின் மேல் பாதியில் இருக்கிறது. அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கிறது. தரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டெப்னியைக் கழற்றினால் இந்த லாபம் வராது. (ஓட்டுபவரே பத்து கிலோ இளைக்கலாமே என்று கேட்கும் மனைவிமார்களுக்கு இதுவரை சரியான பதில் கண்டுபிடிக்கப்படவில்லை.)

இரண்டாவது லாபம், உடையாமை. கதவுகளில் இருக்கும் டெம்பர்ட் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரி ஆயிரம் துண்டாகிவிடும். சாலையில் அது நல்ல குணம், ஆளைக் கிழிக்காது. தடத்தில் அது சீட்டுக்குள், காலணிக்குள், பெடலுக்கு அடியில் கொட்டும். பாதை முழுக்கச் சிதறினால் பெருக்கி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பாலிகார்பனேட் அப்படி உடையாது. ஜெர்மனியில் பேயர் கம்பெனியிலும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலும் 1953-ல் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் இது. நிலாவுக்குப் போனவர்களின் ஹெல்மெட் இதில்தான் செய்யப்பட்டது. கல்வீச்சைத் தடுக்கப் போலீஸ்காரர்கள் பிடிக்கும் ஒளிபுகும் கேடயமும் இதுதான். காம்பாக்ட் டிஸ்க்கும் இதுதான்.

சிக்கல் கடையிலேயே ஆரம்பிக்கிறது. "பிளாஸ்டிக் கண்ணாடி" என்று கேட்டால் விளம்பரப் பலகை செய்கிற கடைக்காரர் அக்ரிலிக் ஷீட்டை எடுத்துக் கொடுப்பார். பார்க்க இரண்டும் ஒன்றே. எடையும் கிட்டத்தட்ட ஒன்றே. அக்ரிலிக் விலை குறைவு, கீறலும் குறைவு. ஆனால் மோதினால் கத்தி போன்ற துண்டுகளாக உடையும். தீப்பிடித்தால் நின்று எரியும். கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு துண்டு ஓரத்தை வைஸில் கடித்து மடக்கிப் பாருங்கள். பாலிகார்பனேட் தகரம் மாதிரி மடங்கும். அக்ரிலிக் படீரென்று முறியும். முறிந்தால் அதைப் பெயர்ப் பலகைக்கே விட்டுவிடலாம்.

கார் ஷெட்டுக்குக் கூரை போடும் சாதாரண பாலிகார்பனேட் ஷீட்டும் முழுத் தீர்வாகாது. பாலிகார்பனேட்டின் பெரிய பலவீனம் கீறல். கடினப் பூச்சு இல்லாத ஷீட்டைத் தூசி படிந்த நிலையில் இரண்டு தடவை துடைத்தால் போதும், மாலை வெயில் எதிரே வரும்போது வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும். புற ஊதாக் கதிர் தடுப்பு இல்லாவிட்டால் நாளடைவில் மஞ்சளாகும். கடினப் பூச்சு போட்ட ஷீட் கூடுதல் விலைதான். பார்த்து ஓட்டவேண்டிய ஜன்னலுக்காவது அந்தச் செலவில் கை வைக்கக்கூடாது. பின் கதவுகளுக்கு வேண்டுமானால் சிக்கனம் பார்க்கலாம்.

பொருத்துவதில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. நம் மெக்கானிக்குகள் கைவினையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் தகரத்துக்கும் கண்ணாடிக்கும் பழகிய கை இது. பிளாஸ்டிக்கின் குணம் வேறு. முதலாவது, அது வெயிலில் கண்ணாடியைப் போல ஏழெட்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள பின் ஜன்னலை விடியற்காலை 25 டிகிரியில் பொருத்துகிறீர்கள். மதியம் வெயிலில் நிற்கும் காரில் அந்த ஷீட் 60 டிகிரியைத் தொடுகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். துளை, போல்ட்டுக்குச் சரியான அளவில் இருந்தால் அந்த இரண்டு மில்லிமீட்டர் எங்கே போகும்? ஷீட் வயிறு தள்ளும். இல்லாவிட்டால் துளையிலிருந்து விரிசல் ஓடும். துளை, போல்ட்டைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். ஓரத்திலிருந்து துளையின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளிப் போடவேண்டும். அகலமான ரப்பர் வாஷர் வைத்து, கை இறுக்கத்தோடு நிறுத்தவேண்டும். 'இன்னும் ஒரு சுற்று' என்ற நம் ஆசை இங்கே ஆகாது.

பழைய கண்ணாடியையே மாதிரியாக வைத்து, ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்காமல், நுண்ணிய பல்லுள்ள ஜிக்சாவால் வெட்டுவது நல்லது. வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்காமல் விட்டால் அந்தச் சொரசொரப்பில்தான் விரிசல் பிறக்கும். கதவின் வளைவுக்கு ஷீட்டைச் சூடு காட்டி வளைக்கத் தேவையில்லை. 3 மில்லிமீட்டர் ஷீட் கார் ஜன்னலின் மெல்லிய வளைவுக்குத் தானாகவே இணங்கும். சூடு காட்டினால் கடினப் பூச்சு வெடிக்கும்.

இரண்டாவது, அதன் ஒவ்வாமைகள். பெட்ரோல், தின்னர், அசிடோன், பிரேக் ஆயில் இவற்றில் எது பட்டாலும் பாலிகார்பனேட் வெளுத்து, நரம்பு நரம்பாக விரியும். போல்ட் கழலாமல் இருக்கத் தடவும் திரவப் பசையும் இந்தப் பட்டியலில் உண்டு. பல இடங்களில் காரணம் தெரியாமல் துளையைச் சுற்றி விரிசல் விடுவது இதனால்தான். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானும் வேண்டாம். நியூட்ரல் என்று எழுதியதை வாங்கவேண்டும். பந்தய மைதானத்தில் எதைத் துடைப்பதென்றாலும் வேஸ்ட் துணியைப் பெட்ரோலில் நனைப்பது நம் பரம்பரைப் பழக்கம். இந்த ஜன்னலுக்கு ஏராளமான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பருத்தித் துணி. வேறெதுவும் வேண்டாம்.

மூன்றாவது, காற்று. பாலிகார்பனேட் உடையாதே தவிர விறைப்பில்லை. கண்ணாடியைவிட சுமார் 30 மடங்கு எளிதாக வளையும். 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 100 கிலோ எடைக்குச் சமம். கதவுப் பக்கம் விரையும் காற்று ஜன்னலை உள்ளே தள்ளுவதில்லை, வெளியே உறிஞ்சுகிறது. அதில் பாதி என்று வைத்தாலும் 20 கிலோ ஆள் வெளியிலிருந்து தொங்குவது மாதிரி. நான்கு மூலையில் நான்கு ஸ்க்ரூ போட்டு முடித்த ஜன்னல் நேர்ப்பாதையில் கழன்று பின்னால் வருபவரின் காரைத் தேடிப் போகும். சுற்றிலும் நெருக்கமாகப் பிடிப்பு வேண்டும். பின் ஜன்னலுக்குக் குறுக்கே இரண்டு அலுமினியப் பட்டைகள் வேண்டும். அமெரிக்க ஸ்டாக் கார்களில் முன்புறமே பாலிகார்பனேட்தான். ஆனால் உள்ளே செங்குத்தாகத் தாங்கும் பட்டைகள் இருக்கும், மேலே உரித்தெறியும் படலங்கள் இருக்கும். நம் வீட்டு வேலைக்கு அது ஒத்துவராது. வைப்பர் ஓடும் இடத்தில் பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? முன்புறத்தில் ஏற்கெனவே இருக்கும் லாமினேட்டட் கண்ணாடி, கல் பட்டால் விரிசல் விட்டாலும் இடத்தை விட்டு நகராது. அதை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

இதுவரை சொன்னதெல்லாம் செலவும் வேலையும் சம்பந்தப்பட்டது. தவறினால் ஒரு ஷீட் போகும். உண்மையான சிக்கல், இந்த ஜன்னலின் மிகச் சிறந்த குணத்திலேயே இருக்கிறது. உடையாத ஜன்னல், காப்பாற்ற வருபவருக்கும் உடையாது.

விபத்து நடந்தால் ஓடிவரும் மார்ஷலுக்கு டெம்பர்ட் கண்ணாடி ஒரு தடையே அல்ல. கூர்முனைச் சுத்தியால் மூலையில் ஒரு தட்டு. அடுத்த நொடி வழி. பாலிகார்பனேட்டில் அதே சுத்தி எகிறித் திரும்பும். அறுக்கவேண்டும், அல்லது கழற்றவேண்டும். ரிவெட் அடித்து, சிலிக்கான் பூசி, அழகாக மூடப்பட்ட ஜன்னலைக் கவிழ்ந்து கிடக்கும் காரில் யார் கழற்றுவது? கதவு நசுங்கி இறுகியிருக்கும். காருக்குள் பெட்ரோல் வாடை இருக்கும். தடத்தில் கார் கவிழ்வது நடக்காத விஷயமல்ல. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியச் சாம்பியன்ஷிப்பின் சலூன் கார் பந்தயத்தில் ஒரு கார் மோதலுக்குப் பின் தடத்தை விட்டு விலகித் தலைகீழாக விழுந்ததில் மூத்த பந்தய வீரர் கே.இ. குமார் உயிரிழந்தார். அந்த விபத்தில் ஜன்னலைக் குறை சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை. அனுபவசாலி ஓட்டும் காரும், விதிகளுக்கு உட்பட்ட பந்தயத்தில் ஓடும் காரும் கவிழும் என்பதற்காகத்தான் அதைச் சொல்கிறேன். கட்டணம் கட்டி ஓட்டும் ஞாயிற்றுக்கிழமைக் காரில் பல நேரம் ரோல் கேஜ்கூட இருப்பதில்லை.

அதனால் ஓட்டுநர் பக்கத்து ஜன்னலை எப்படி எடுப்பது என்பதை முடிவு செய்த பிறகுதான் அதை எப்படிப் பொருத்துவது என்று யோசிக்கவேண்டும். பந்தயங்களில் பல அணிகள் அந்தப் பக்கம் ஜன்னலே வைக்காமல் வலை மட்டும் கட்டுகின்றன. ஒரு கொக்கியை இழுத்தால் வலை விழுந்துவிடும். ஜன்னல் வேண்டுமென்றால் கால் சுற்றுத் திருகில் விடுபடும் பிடிப்புகள் கிடைக்கின்றன. அவற்றை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திருப்ப முடியவேண்டும். ரிவெட்டை பின் கதவுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்தப் பிரிவில் எது அனுமதி என்பது மாறும் என்பதால் போட்டியில் இறங்குபவர்கள் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஷீட் வாங்குவது நல்லது. வண்டியைச் சோதிக்கும் அதிகாரியிடம் வாதாடி ஜெயித்தவர்கள் குறைவு.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பிளாஸ்டிக் ஜன்னல் போட்ட காரிலேயே தடத்துக்கு வந்து, அதிலேயே வீடு திரும்புபவர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 100-வது விதி காரின் கண்ணாடிகளுக்குப் பாதுகாப்புத் தரம் கேட்கிறது. முன்னும் பின்னும் 70 சதவிகிதம், பக்கவாட்டில் 50 சதவிகிதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது. கருப்பு ஃபிலிமுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்தபோது ஊரெங்கும் பேசப்பட்ட விதி இதுதான். தரமுத்திரை இல்லாத, கூரைக் கடையில் வாங்கிய ஷீட் இதில் தேறாது. போலீஸ்காரர் பிடிப்பதைவிடப் பெரிய கவலை, விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் சர்வேயர் காரைச் சுற்றிவரும் நேரம். அதைவிடப் பெரிய கவலை, சாலையில் உதவிக்கு ஓடிவருபவர் கையில் இருப்பது ஒரு கல்தான். அவருக்கு இந்தக் கார் ஜன்னலைப் பற்றி எதுவும் தெரியாது. தடத்துக்கென்று ஒதுக்கிய கார், லாரியில் ஏறி வந்து லாரியில் போகட்டும். அதற்கு வசதியில்லை என்றால் கண்ணாடி இருக்கட்டும். ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

பொருத்தி முடித்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி. ஹெல்மெட் மாட்டி, பெல்ட் கட்டி உட்கார்ந்து, கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக வெளியே வந்து பாருங்கள். நண்பர் ஒருவர் கையில் கடிகாரம் இருக்கட்டும். பிறகு அந்த நண்பரையே வெளியிலிருந்து ஜன்னலைக் கழற்றச் சொல்லுங்கள், நீங்கள் வாயைத் திறக்காமல். அவர் தடுமாறும் இடத்தில் எல்லாம் சிவப்புப் பெயிண்டில் ஓர் அம்புக்குறி போடுங்கள்.