ஆடுவோர் சங்கமா, ஆள்வோர் சங்கமா?

ஒரு சங்கம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி கூட்டுறவாளர்களுக்குப் புதிதன்று. தறியில் அமர்ந்து நெய்கிறவர்க்கா, நெய்ததை விற்றுக் கணக்கு எழுதுகிறவர்க்கா என்று நெசவாளர் சங்கங்களில் பலமுறை விவாதம் நடந்திருக்கிறது. உழுது பாடுபடுகிறவர்க்கா, கடன் மனுவில் கையெழுத்திடுகிறவர்க்கா என்று விவசாயிகள் சங்கங்களிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. இப்பொழுது இதே கேள்வி விளையாட்டுச் சங்கங்களிலும் எழுந்துள்ளது. ஆடுகிற வீரர்க்கு அதிகாரமா, ஊர்தோறும் ஆட்டத்தை நடத்திவரும் கழகங்களுக்கு அதிகாரமா என்பதே அது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று அங்கத்தினர் எவரும் எண்ணிவிடலாகாது. வானத்தைப் பார்த்துப் பருத்தியும் உளுந்தும் கம்பும் விதைக்கும் இக்கரிசல் வட்டாரத்தில் ஹாக்கி ஊறிப்போன ஆட்டம். கோவில்பட்டியில் நடைபெறும் இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியை அறியாதார் இங்கு இலர். 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்ற இந்திய அணியில், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வமும் இடம் பெற்றனர். இத்தகைய இளைஞர்களின் கையில் முதன்முதல் மட்டையைக் கொடுப்பது தில்லியிலுள்ள சம்மேளனம் அன்று. உள்ளூர்க் கழகமும், உடற்பயிற்சி ஆசிரியரும், விடுதிப் பயிற்சியாளருமே கொடுக்கின்றனர். ஆகவே, சங்க நிர்வாகம் எவர் கையில் இருக்கிறது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிய கேள்வியாகும்.

இக்கேள்வி வெளிப்படையாக மோதலுக்கு வந்தது கால்பந்தாட்டத்தில். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தில் பதவிக்காலம் முடிந்த பின்னும் தேர்தல் நடைபெறாதிருந்தது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு நிர்வாகக் குழுவை அமைத்தது. ஆகஸ்டு மாதத்தில், மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள் 36 பேருடன், புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் 36 பேரும் வாக்களிக்க வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. வெளியார் தலையீடு மிகுந்துவிட்டதெனக் கூறி, சர்வதேசச் சம்மேளனமாகிய ஃபிஃபா அம்மாத நடுவில் இந்தியாவை விலக்கி வைத்தது. அக்டோபரில் இந்தியாவில் நடக்கவேண்டிய பதினேழு வயதிற்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பைப் போட்டியே ஆபத்திற்குள்ளாயிற்று. நீதிமன்றம் தன் ஏற்பாட்டை மாற்றி, மாநிலச் சங்கங்களுக்கே வாக்குரிமை என்றது. 23 பேர் கொண்ட நிர்வாக சபையில் 6 இடங்கள் ஆட்டக்காரர்களுக்கென ஒதுக்கப்பட்டன. தடை நீங்கியது. செப்டம்பர் 2-ஆம் நாள் நடந்த தேர்தலில், நாடறிந்த முன்னாள் தலைவர் பாய்ச்சுங் பூட்டியா, முன்னாள் கோல்காப்பாளர் கல்யாண் சௌபேயிடம் 33-க்கு 1 என்ற கணக்கில் தோற்றார்.

களத்தில் அத்தனை புகழ் ஈட்டியவர்க்கு ஒரே ஒரு வாக்குத்தானா என்று பலர் மனம் நொந்தனர். அவர்கள் கட்சியிலும் நியாயம் உண்டு. நிர்வாகிகளின் கையிலேயே முழு அதிகாரமும் இருந்தபோது நேர்ந்ததை ஹாக்கி ரசிகர்கள் மறக்கவில்லை. 1928 முதல் ஒலிம்பிக்கில் தவறாது ஆடிவந்த நமது அணி, 2008-இல் பெய்ஜிங் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. அப்போது சம்மேளனத் தலைவர் 1994 முதல் அப்பதவியில் இருந்துவந்தார். 2010 ஜனவரியில், உலகக் கோப்பைப் போட்டி நெருங்கிய வேளையில், சேரவேண்டிய தொகை வரவில்லையென்று வீரர்கள் புனே முகாமில் பயிற்சிக்கு இறங்க மறுத்தனர். கூலி நிலுவைக்காகத் தறியை நிறுத்திய நெசவாளியை அறிந்த நமக்கு, அவர்கள் செயலைக் குறைகூற மனம் வராது.

எனினும், புகழ்பெற்ற சிலர்க்குத் தனி வாக்களிப்பதே பரிகாரம் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. மெல்லிய நூலில் நுட்பமாக நெய்யும் கைதேர்ந்த நெசவாளிக்குக் கூலி அதிகம். மகாசபையில் அவருக்கும் வாக்கு ஒன்றே. 1844-இல் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிவைத்த கூட்டுறவு இயக்கத்தின் அடிப்படை இதுவே. மேலும், ஆட்டத்தைவிட்டு விலகிய 36 பெரியோர்க்கு வாக்குக் கிடைத்தால், இன்று கட்டாந்தரையில் ஆடிக்கொண்டிருக்கும் சிறுமிக்குக் குரல் கிடைத்ததாகாது. அப்பெரியோர் தம் செயலுக்கு யாரிடம் கணக்குக் காட்டுவர்? அவர்களைத் திருப்பி அழைக்கும் மகாசபை எது?

அப்படியானால் சங்கங்களின் வாக்கே போதுமா? இங்கேதான் நோயின் மூலம் இருக்கிறது. தறியில்லாதவர் தறி உள்ளதாகக் கணக்குக் காட்டி அங்கத்தினராகிவிட்டால், அந்த நெசவாளர் சங்கம் என்னவாகும் என்பதை நாம் அறிவோம். ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டமும் நடத்தாமல், முத்திரையும் முகவரித் தாளும் மட்டுமே வைத்திருக்கும் கழகத்திற்கும் வாக்குண்டு என்றால், அதுவும் அத்தகைய போலித் தறியே. போலித் தறிகள் நிறைந்த பட்டியலைக் கொண்டு நடத்தும் தேர்தலை ஊராட்சி என்பது பொருந்தாது. வீராட்சி என்பதும் பொருந்தாது. வீரரும் கழகமும் பகைவரல்லர். இருவர்க்கும் பொதுப்பகை இந்தக் காகிதக் கழகமே.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, சென்ற ஆண்டில் அணியைக் களமிறக்கிய கழகத்திற்கு மட்டுமே மாவட்டச் சங்கத்தில் வாக்குரிமை இருக்கவேண்டும். வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு முன் யாவரும் காண ஒட்டவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கழகத்தின் நிர்வாக சபையிலும், ஆடிக்கொண்டிருப்பவர்கள் தமக்குள் தெரிந்தெடுத்த ஒருவரேனும் இடம்பெறவேண்டும். பெண்கள் ஆடும் கழகமாயின் அவர்களிலும் ஒருவர் வேண்டும். மூன்றாவது, வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் மகாசபையில் படித்து ஒப்புதல் பெறவேண்டும். இம்மூன்றும் நம் கூட்டுறவுச் சங்கங்கள் அறியாதவை அல்ல.

2025-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியச் சம்மேளனங்களின் நிர்வாக சபையில் தலைசிறந்த வீரர் இருவரேனும், பெண்கள் நால்வரேனும் இருக்கவேண்டுமென விதித்துள்ளது. வரவேற்கத்தக்கதே. முன்னாள் ஹாக்கி அணித் தலைவர் திலீப் திர்க்கி 2022-இல் ஹாக்கி இந்தியாவின் தலைவரானதும் நல்ல அறிகுறியே. ஆனால், மேட்டில் மடை திறந்தாலும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்கு நீர் வாராது. ஊர்க் கழகத்தின் பட்டியலைத் தில்லியிலிருந்து எவரும் வந்து திருத்தமாட்டார். அதை ஊரார்தான் திருத்தவேண்டும்.

அங்கத்தினர்களே! உங்கள் பிள்ளைகள் ஆடும் கழகத்தின் மகாசபை எப்போது கூடுகிறது என்று ஒரு முறை விசாரியுங்கள். கூடுமாயின் சென்று அமருங்கள், கணக்கைக் கேளுங்கள். கூடுவதேயில்லை என்றால், ஏன் கூடவில்லை என்று கேளுங்கள். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். வடம்பிடிக்க வராதவர்கள் தேர் நிலைக்கு வரவில்லையே என்று பின்னால் வருந்துவதில் பயனில்லை.