புத்தகம் எழுதுறதும் ஆறு மாச மாத்திரை மாதிரிதான்

கொஞ்சம் நீளமான இழை. டீ குடிச்சிக்கிட்டே பொறுமையா படிங்க.

"டாக்டர், ட்யூட்டிக்கு நடுவுல எழுத உங்களுக்கு எங்க நேரம் கிடைக்குது?" இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி. கூடவே இதுவும் வரும்: "நானும் ஒரு புத்தகம் எழுதணும்னு நாலு வருஷமா நினைக்கிறேன். வேலை, குழந்தை, இஎம்ஐ. உட்காரவே முடியல. எனக்கு ஒழுக்கம் பத்தல."

இந்தக் கடைசி வரியைப் பத்திதான் இன்னிக்குப் பேசப் போறேன். அது தப்பான டயக்னோசிஸ்.

முதல்ல என் கதை. நான் எம்பிபிஎஸ். வடசென்னையில அரசு மருத்துவமனை வேலை. நான் பார்க்கிறவங்க பெரும்பாலும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மக்கள். எண்ணூர் பக்கம் இருந்து வர்றவங்க இருமலுக்கு ஒரு காரணத்தைக் கையோட கொண்டு வருவாங்க. சாம்பல், லாரி தூசு, கம்பெனி புகை. காரணம் பொய்யும் இல்ல. ஆனா அந்தக் காரணத்தாலேயே ரெண்டு வாரத்துக்கு மேல இருமினாலும் சளிப் பரிசோதனைக்கு வர மாட்டாங்க. வரும்போது பல பேருக்கு டிபி முத்திப் போயிருக்கும்.

சில வருஷம் முன்னாடி ஒரு துறைமுகத் தொழிலாளி. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) டிபி மாத்திரை ரெண்டு மாசம் ஒழுங்கா எடுத்தார். இருமல் நின்னுச்சு, எடை ஏறுச்சு, வேலைக்குப் போனார். மாத்திரையை நிறுத்திட்டார். திரும்பி வந்தப்போ மருந்துக்குக் கட்டுப்படாத டிபி. காப்பாத்த முடியல.

அவர் மனைவி என்னைத் திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "உடம்பு தேறுனாலும் பூச்சி உள்ளவே இருக்கும்னு எங்கயாச்சும் எய்தி குடுத்திருந்தா, அவர குந்த வச்சி நானே துண்ண வச்சிருப்பேனே சார்?"

வாயால சொல்லியிருந்தோம். ஓபி கூட்டத்துல ரெண்டு நிமிஷம். அது அவங்க வீடு வரைக்கும் போய்ச் சேரல.

அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். டிபி வந்த வீட்டுல இருக்கிறவங்க படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி, நம்ம ஊர் தமிழ்ல ஒரு புத்தகம் எழுதணும்.

அப்புறம் ரெண்டு வருஷம் ஒரு வரி எழுதல.

ஏன்? காத்துக்கிட்டு இருந்தேன். லீவு கிடைக்கட்டும், பிஜி சீட் முடியட்டும், எங்கயாவது ஏற்காடு, ஏலகிரின்னு பத்து நாள் போய் உட்கார்ந்தா முடிச்சிடலாம். வீட்டுல, நண்பர்கள் வட்டத்துல எல்லாரும் சொன்னது வேற: "முதல்ல நீட் பிஜி படிடா. புத்தகம் சோறு போடுமா?" நியாயமான கேள்விதான். அதனால படிக்கவும் இல்லாம, எழுதவும் இல்லாம, ரெண்டுக்கும் குற்ற உணர்ச்சியோட ரெண்டு வருஷம் போச்சு.

என்னை மாத்தினது எந்த மோட்டிவேஷன் வீடியோவும் இல்ல. நம்ம சென்னையில நடந்த ஒரு பழைய ஆய்வு.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பேர் எல்லாருக்கும் தெரியும். 1928-ல டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்க காசநோய் சானடோரியம் தொடங்கினார். அந்தக் காலத்துல டிபின்னா நல்ல காத்து, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, எல்லாத்தையும் விட்டுட்டு மாசக்கணக்குல படுக்கை. ஆனா கூலிக்குப் போறவன் எப்படி எல்லாத்தையும் விட்டுட்டுப் போவான்?

1956-ல சேத்துப்பட்டுல காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கினாங்க. இன்னிக்கு அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான நோயாளிகள். பாதிப் பேருக்கு சானடோரியத்துல வைத்தியம். மீதிப் பேர் அவங்கவங்க நெருக்கடியான வீட்டுலேயே, சுமாரான சாப்பாட்டோட. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல முடிவு வெளியாச்சு. வீட்டுல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானாங்க. உலகம் முழுக்க டிபி வைத்தியம் சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததுக்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

குணப்படுத்தினது மலைக்காத்து இல்லைங்க. விடாம உள்ள போன மருந்து.

இதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நோயாளிக்கு "வீட்டுலேயே இருந்து, வேலையைப் பார்த்துக்கிட்டே மாத்திரை போடுங்க"ன்னு தினமும் சொல்ற நான், என் புத்தகத்துக்கு மட்டும் சானடோரியம் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.

அதனால டிபி வைத்தியத்தை அப்படியே எழுத்துக்குக் கொண்டு வந்தேன். நீங்களும் எடுத்துக்கலாம்.

முதல் விஷயம், டோஸ் சின்னதா இருக்கணும், தவறாம இருக்கணும். என் டோஸ் 200 சொல். வாரத்துக்கு 5 நாள். கணக்குப் போடுங்க: வாரம் 1,000. வருஷத்துல 50 வாரம்னா 50,000 சொல். ஒரு முதல் புத்தகத்துக்கு இது தாராளம். காலையில விம்கோ நகர்ல மெட்ரோ ஏறுவேன், உட்கார இடம் கிடைக்கும். இறங்குறதுக்குள்ள போன்லயே பாதி டோஸ் முடிஞ்சிடும். மீதி ராத்திரி பாப்பா தூங்கினதுக்கு அப்புறம். நைட் ட்யூட்டி முடிச்ச நாள்ல எழுத மாட்டேன். அன்னிக்குத் தூக்கம்தான் மருந்து. தூக்கத்தை வித்து புத்தகம் எழுதுங்கன்னு ஒரு டாக்டரா என்னால சொல்ல முடியாது.

ரெண்டாவது, விட்டுப்போன டோஸ். ஒரு நாள் மாத்திரையை மறந்தா மறுநாள் ரெண்டு நாள் மாத்திரையைச் சேர்த்து முழுங்கக் கூடாது. எழுத்தும் அப்படித்தான். நேத்து எழுதலையா? இன்னிக்கு 400 எழுதணும்னு கிளம்பாதீங்க. 200 போதும். கடன் ஏற ஏற அந்த ஃபைலைத் திறக்கவே பயம் வந்துடும்.

மூணாவது, ரெண்டாம் மாச ஆபத்து. டிபியில முதல் 2 மாசம் நாலு மருந்து, அடுத்த 4 மாசம் மூணு மருந்து. பல பேர் நிறுத்துறது அந்த மாற்றத்தை ஒட்டித்தான், ஏன்னா உடம்பு தேறியிருக்கும். எழுத்துலயும் அதே. ஆரம்ப ஜோர்ல ரெண்டு அத்தியாயம் முடியும். நாலு பேர்கிட்ட சொல்லுவோம், லைக் விழும், புத்தகமே எழுதி முடிச்ச திருப்தி வந்துடும். அதோட நின்னுடும். திருப்தி வர்ற நேரம்தான் ஜாக்கிரதையா இருக்க வேண்டிய நேரம்.

நாலாவது, முக்கியமானது. பக்கத்துல ஒரு ஆள். நேரில் பார்த்து மாத்திரை கொடுக்கிற முறை இருக்கு இல்லையா, அது நோயாளி மேல சந்தேகத்துல வந்தது கிடையாது. ஆறு மாசம் தனியா ஒரு காரியத்தைச் செய்யறது மனுஷனுக்குக் கஷ்டம்னு புரிஞ்சதால வந்தது. அந்தோனி ட்ரோலப்னு ஒரு ஆங்கில நாவலாசிரியர், தபால் துறை அதிகாரி. காலை 5.30 மணிக்கு மேசையில இருப்பார். கடிகாரத்தை முன்னாடி வச்சு கால் மணி நேரத்துக்கு 250 சொல். அவ்வளவு கறாரான மனுஷனே தன்னை நம்பல. காலையில எழுப்பி காபி கொடுக்க வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்ட் தனியா கொடுத்தார். எனக்கு எங்க மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒருத்தங்க. சனிக்கிழமை மதியம் "இந்த வாரம் எங்கப்பா?"ன்னு கேப்பாங்க. அவங்களுக்குப் புரியலைன்னா அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதணும்.

நம்ம பக்கம் பார்த்தா உ.வே.சா. 1880-ல கும்பகோணம் கல்லூரியில தமிழாசிரியரா சேர்ந்தார். வகுப்பு எடுத்துக்கிட்டே ஏடு தேடி, ஒப்பிட்டு, சீவக சிந்தாமணியை 1887-ல அச்சுல கொண்டு வந்தார். வேலையை விட்டுட்டு செய்யல. பல வருஷ உழைப்பு.

இப்போ அந்த "எனக்கு ஒழுக்கம் பத்தல"க்கு வர்றேன்.

முன்னாடி சிகிச்சையைப் பாதியில விட்டவங்களை நாங்க 'டிஃபால்ட்டர்'னு எழுதுவோம். கடன் கட்டாதவனைச் சொல்ற மாதிரி. 2013-ல உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை மாத்திடுச்சு. இப்போ 'தொடர்பு விட்டுப்போனவர்'. வெறும் வார்த்தை மாற்றம்னு நினைக்காதீங்க. டிஃபால்ட்டர்னா தப்பு அவன் மேல, திட்டிட்டு விட்டுடலாம். தொடர்பு விட்டுப்போனவர்னா தேடிப் போய் கூட்டிட்டு வரணும்.

நீங்களும் உங்களை டிஃபால்ட்டர்னு எழுதிக்காதீங்க. நாலு வருஷமா எழுதலைன்னா உங்க குணத்துல கோளாறுன்னு அர்த்தம் இல்ல. டோஸ் பெருசா வச்சிருக்கீங்க, நேரம் குறிக்கல, கேக்க ஆள் இல்ல. இந்த மூணையும் சரி பண்ணலாம். குணத்தை மாத்துறதை விட ரொம்ப சுலபம்.

என் நிலைமையையும் மறைக்காம சொல்லிடறேன். ஆரம்பிச்சு 11 மாசம் ஆச்சு. மூணு தடவை தொடர்பு விட்டுப்போச்சு. ஒரு தடவை முழுசா அஞ்சு வாரம். கையில 34,000 சொல் இருக்கு. பதிப்பாளர் இன்னும் இல்ல. பிஜி பரிட்சையை இந்த வருஷம் எழுதல, அதுக்காக வீட்டுல இன்னும் முகம் கொடுத்துப் பேசாதவங்க இருக்காங்க. அவங்க கவலை தப்புன்னு என்னால சொல்ல முடியல.

ஆனா போன வாரம், "உடம்பு தேறின பிறகும் ஏன் மாத்திரை?" அத்தியாயத்தை அச்சடிச்சு ஒரு நோயாளியோட மனைவிகிட்ட கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து, "சார், நாலாவது பக்கம் புரியல, அத்த மட்டும் சொல்லு"ன்னாங்க.

மீதி மூணு பக்கம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திடுச்சு.

நாலாவது பக்கத்தை நாளைக்கு மெட்ரோல திருத்தணும். உங்க 200 சொல்லை நீங்க இன்னிக்கே ஆரம்பிங்க. கேக்க ஆள் இல்லைன்னா, சனிக்கிழமை கமெண்ட்ல வந்து எண்ணிக்கையைப் போடுங்க, நான் கேக்கறேன்.

அப்புறம் ஒண்ணு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் சளிப் பரிசோதனை பண்ணிக்கோங்க. இலவசம்தான்.


திருவொற்றியூரிலிருந்து, இன்னும் புத்தகம் முடிக்காத ஒரு அரசு மருத்துவர்.