வெங்காயமும் பனியனும்

ஆற்றங்கரை நண்பர் போன் போட்டார். "அண்ணாச்சி, டார் பாதியிலயே நிக்கி. கனெக்ட் ஆவ மாட்டேங்கு!"

விஷயம் விளையாட்டில்லை. ராத்திரியில் தாமிரபரணியில் மணல் அள்ளுகிறார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் பெயரில்லாமல் எழுத வேண்டும். முறப்பநாட்டில் மணல் திருட்டைப் புகார் செய்த வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸை 2023 ஏப்ரலில் ஆபீசிலேயே வைத்து வெட்டிக் கொன்றதை இந்தப் பக்கத்தில் யார் மறப்பார்கள்?

டார், ஆளை மறைக்கும் இலவச பிரவுசர். 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் முளைத்த வெங்காய யோசனை. நீங்கள் அனுப்புவது மூன்று தோல் போர்த்திக்கொண்டு, எங்கெங்கோ உள்ள மூன்று கம்ப்யூட்டர் வழியாகப் போகும். ஆளுக்கு ஒரு தோல் உரிப்பார்கள். முதல் ஆசாமிக்கு உங்களைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசி ஆசாமிக்கு நேர் எதிர். (நம்மூர் டீக்கடைக்காரருக்கு இரண்டும் தெரியும்.)

போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் 2009-ம் வருஷத்தில் இருக்கிறது! உள்ளே பட்டன் பேட்டரி காலி. தேதி தப்பென்றால் டார் அடம் பிடிக்கும். பேட்டரியை மாற்றி நேரத்தைத் திருத்தினேன், திறந்துகொண்டது. அப்படியும் நின்றால் செட்டிங்ஸில் 'பிரிட்ஜ்' போய் 'ஸ்னோஃப்ளேக்' போடலாம். வேகம் மட்டும் மாட்டு வண்டி.

நண்பர் உற்சாகமாகத் தன் பழைய ஈமெயிலைத் திறக்கப் போனார். கையைப் பிடித்தேன். சொந்தப் பெயரில் நுழைந்தால் முப்பது தோல் இருந்தும் பிரயோஜனமில்லை. டாருக்குள்ளேயே புதுசாக ஒன்று தொடங்கினோம்.

அடுத்து, இணைக்க ஒரு போட்டோ. விடியற்காலை எடுத்தது. டிராக்டர், மணல் எல்லாம் பளிச். ஓரத்தில் அவர் வீட்டு மொட்டைமாடி, கொடியில் அவர் பனியன்! (செல்போன் போட்டோவுக்குள் எடுத்த இடமும் ஒளிந்திருக்கலாம்.)

"போட்டோ வேண்டாம்வே. தேதி, நேரம், வண்டி நம்பர் மட்டும் எழுதும்" என்றேன்.