நீதிபதி விலகலாம், வழக்கு ஏன் ஊரை விட்டுப் போகவேண்டும்?

ஒரு வழக்கை விசாரிப்பது தமக்கு முறையல்ல என்று கருதி நீதிபதி ஒருவர் விலகிக்கொண்டால், அவரைப் பாராட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போவது நம் பத்திரிகைகளின் வழக்கம். நானும் அப்படிப்பட்ட செய்திகள் பலவற்றை எழுதியிருக்கிறேன். ஆனால், அவருக்குப் பதிலாக யார் வருகிறார், விசாரணை எங்கே நடக்கிறது என்ற கேள்விகளே பாதிக்கப்பட்டவனுக்கு முக்கியமானவை.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தைப் பாருங்கள். 2020 பெப்ரவரி 23 அன்று பிரன்சுவிக் நகருக்கு அருகே அஹ்மோட் ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் துரத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார். துரத்தியவர்களுள் ஒருவர், அப்பகுதி அரச வழக்குத்தொடுநரின் அலுவலகத்தில் முன்னர் புலனாய்வாளராக இருந்தவர். வழக்குத்தொடுநர் விலகினார். அடுத்து வந்தவரும், தம் மகன் அதே அலுவலகத்தில் பணிபுரிவதால் விலகினார். ஆனால், எவரையும் கைதுசெய்யப் போதிய காரணமில்லை என்று பொலிஸாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டே விலகினார்! காணொளி வெளியாகி முதற் கைதுகள் நிகழும்வரை 74 நாட்கள் கழிந்தன.

பின்னர் அந்த வட்டாரத்தின் ஐந்து நீதிபதிகளும் விலகினர். அதற்காக வழக்கு வேறு ஊருக்குப் போகவில்லை. சவானா நகரிலிருந்து திமோதி வால்ம்ஸ்லி என்ற நீதிபதி நியமிக்கப்பட்டுப் பிரன்சுவிக்கிற்கு வந்தார். கொலையுண்டவனின் தாய் அந்த ஊர் நீதிமன்றத்தில் அமர்ந்து விசாரணையைக் கேட்டார். ஜூரர் பன்னிருவரில் பதினொருவர் வெள்ளையர் என்ற குறை இருந்தது உண்மையே. இருப்பினும் 2021 நவம்பர் 24 அன்று மூவரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று.

நமது நாட்டில் நடப்பது என்ன? 1996 பெப்ரவரி 11 அன்று திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 24 தமிழர்கள் கொல்லப்பட்டனர். எதிரிகளான இராணுவத்தினரின் பாதுகாப்பைக் காரணங்காட்டி வழக்கு அனுராதபுரத்திற்கு மாற்றப்பட்டது. தமிழ்க் கிராமத்துச் சாட்சிகள் அங்கு சென்று, சிங்களம் பேசும் ஜூரர் முன்னிலையில், மொழிபெயர்ப்பாளர் வாயிலாகத் தம் துயரத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. 2016 ஜூலையில் எதிரிகள் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். 1992இன் மயிலந்தனைப் படுகொலை வழக்கும் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய், 2002இல் விடுதலையிலேயே முடிந்தது.

எதிரிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். அதை வழங்குவது அரசின் கடமை. அந்தக் கடமையின் சுமையை, உறவுகளைப் பறிகொடுத்த ஏழைச் சாட்சியின் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்? எதிரியின் அச்சத்தைக் கேட்ட செவிகளுக்குச் சாட்சியின் அச்சம் ஏன் கேட்கவில்லை?

வழி தெரியாத நாடல்ல இது. புங்குடுதீவு மாணவி கொலை வழக்கை 2017இல் விசாரித்த மூவர் தீர்ப்பாயத்துக்கு வவுனியாவிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மேல் நீதிமன்ற நீதிபதிகள் யாழ்ப்பாணம் வந்தார்கள். சாட்சியங்கள் தமிழில் கேட்கப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் தீர்ப்பும் வந்தது.

ஆகவே, உள்ளூர் நீதிபதி விலகினாலோ, அவர்மீது ஐயம் எழுந்தாலோ, முதலில் இடம்மாற வேண்டியவர் நீதிபதியே. அவரை மாற்றும் அதிகாரம் நீதிச்சேவை ஆணைக்குழுவிடம் இருக்கிறது. அதற்குப் பின்னரும் வழக்கையே பெயர்க்க வேண்டுமென்றால், அதற்கான காரணத்தைப் பகிரங்கமாக, சாட்சிகளுக்குப் புரியும் மொழியில் எழுதித் தரட்டும். குமாரபுரத்து மக்கள் இதற்குமேல் எதைக் கேட்டார்கள்?