ஓங்கி அடிப்போம்!

“பெண்பிள்ளை இவ்வளவு ஓங்கி அடிக்கலாமா?” மாலை வேளைகளில் நாங்கள் கைப்பந்து ஆடும்போது எங்கள் காதில் விழும் கேள்வி இது. தோள் அகன்றுவிடும், நடை முரடாகிவிடும் என்று வீட்டிலும் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் சரிதானா? சிறிது சிந்திப்போம்.

கைப்பந்தின் எடை 260 முதல் 280 கிராம்தான். ஆனால் பெண்கள் ஆடும் வலையின் உயரமோ 2.24 மீட்டர். எனவே பந்தின் கனம் நமக்குத் தடையன்று. உயர எழும்பி, உரிய நொடியில், வேகமாகக் கையை வீசுவதே கடினம்.

பருத்த கை உடையவளே பலமாக அடிப்பாள் என்று நாங்களும் முன்பு எண்ணியிருந்தோம். ஆடப் பழகிய பின்புதான் உண்மை விளங்கியது. அடியின் பிறப்பிடம் கையன்று, கால்! ஓடிவந்து எழும்பும்போது பிறக்கும் வேகம் தொடையிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும், முழங்கைக்கும், மணிக்கட்டுக்கும் ஏறிச் செல்கிறது. இடையில் ஒன்று தளர்ந்தாலும் அடி தளர்ந்துவிடும். விரித்த உள்ளங்கை பந்தின் மேற்புறத்தைத் தழுவி அடித்தால், பந்து சுழன்று எதிரணியின் எல்லைக்குள்ளேயே இறங்கும். ஆகவே வலிமையும் திறனும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை விட்டு மற்றொன்று வளராது.

வலிமை அடிப்பதற்கு மட்டுமா? காப்பதற்கும் அதுவே துணை. குதித்து இறங்கும்போது முழங்கால் தசைநாரில் காயம் படுவது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். தொடைத் தசைகளை உறுதியாக்கி, முழங்காலை மடக்கி இரு கால்களாலும் இறங்கப் பழகினால் அந்த ஆபத்து குறைகிறது. தோப்புக்கரணத்தைத் தண்டனை என்றே அறிந்திருந்தோம். இன்று அது எங்களுக்கு மருந்து! கயிறு தாண்டுதலும் அப்படியே. ஆனால் தோள் வலிக்க வலிக்க நூறு முறை அடிப்பது பயிற்சியாகாது. வளரும் உடலுக்கு ஓய்வும் வேண்டும். முட்டை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, நிலக்கடலை போன்ற உணவும் வேண்டும்.

1964ஆம் ஆண்டு டோக்கியோவில்தான் கைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அன்று மகளிர் பிரிவில் சோவியத் அணியை வென்று தங்கம் பெற்றவர்கள் ஜப்பானியப் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒரு நூற்பாலையின் ஊழியர்கள். பகலில் வேலை, பின்பு நள்ளிரவு வரை பயிற்சி! அவ்வளவு கடுமை நமக்கு வேண்டாம். ஆனால் வலிமை பிறவியில் வருவதன்று, உழைப்பில் வருவது என்பதை அவர்களிடம் கற்கலாம் அன்றோ?

அன்புள்ள பெற்றோரே! “பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, இனி விளையாட்டு போதும்” என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் அணியில் நன்கு அடித்த ஒரு தோழி இவ்வாண்டு இப்படித்தான் நின்றுவிட்டாள். மாலையில் நாங்கள் ஆடும்போது அவள் புத்தகத்தை மூடிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளொன்றுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். களத்தில் உறுதியாக நிற்கக் கற்றவள் தேர்விலும், வாழ்விலும் தளரமாட்டாள்.

தோழியரே, அஞ்சாமல் எழும்புவோம்! ஓங்கி அடிப்போம்!