‘பார்க்கிங் தகராறு’ என்று பெயர் வைத்தது யார்?

எங்கள் தோழர் ஒருவர் மதுரைக்கு வெளியே ஒரு குடியிருப்புப் பகுதியில் வங்கிக் கடன் போட்டுப் பழைய வீடொன்றை வாங்கினார். தெருவிலிருந்து 12 அடி அகலத்தில் ஒரு பாதை உள்ளே போகிறது. பாதைக்கு இடப்பக்கம் ஒரு வீடு, வலப்பக்கம் ஒரு வீடு. பாதை முடிகிற இடத்தில் தோழரின் வீடு. மூன்று வீட்டுக்கும் அதுதான் வண்டிப்பாதை. தோழரின் கிரையப் பத்திரத்தில், பொதுப்பாதையில் நடக்கவும் வண்டி வாகனங்கள் கொண்டுபோகவும் உள்ள மாமூல் தடவழிப் பாத்தியம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

பால் காய்ச்சிய அன்று நாங்கள் போயிருந்தோம். பாபாசாகேப் படத்தை முன்னறையில் மாட்டிவிட்டு வந்தோம். அடுத்த வாரத்திலிருந்து பாதையின் வாயில் குறுக்காக ஒரு கார் நிற்கத் தொடங்கியது. கார் இடப்பக்க வீட்டுக்காரருடையது. அவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே கார் நிறுத்த இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது பூந்தொட்டிகள் இருக்கின்றன.

தோழர் பைக்கை அணைத்து, காருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அவருடைய அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். முடிந்து திரும்பும்போது ஆட்டோ உள்ளே வர முடியாது. கையில் கட்டோடு, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா தெருவிலிருந்து நடந்து வருகிறார். கேட்டுப் பார்த்தபோது வந்த பதில்: “நடந்து போக இடம் இருக்குல்ல? வழி விட்டதே பெருசு. உங்க ஆளுங்க பழக்கத்தையெல்லாம் இங்க வெச்சுக்காதீங்க.” வாசலில் நின்று, இஸ்திரி வண்டிக்காரர் முன்பாக, தண்ணீர் லாரி ஓட்டுநர் முன்பாகச் சொன்னது இது.

புகார் கொடுக்க நாங்களும் கூடப் போனோம். காவல் நிலையத்தில் மனுவைப் படித்துக்கூட முடிக்கவில்லை. “ஏம்ப்பா, கார் நிறுத்துறதுக்கெல்லாம் பிசிஆரா? இது பார்க்கிங் தகராறு. பக்கத்து வீட்டுக்காரங்க, பேசித் தீர்த்துக்கங்க.” சிஎஸ்ஆர் ரசீது வாங்கவே மாலை வரை உட்கார வேண்டியிருந்தது.

‘பார்க்கிங் தகராறு’ என்ற இந்தப் பெயரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் காரைவிட அந்தப் பெயர்தான் வழியை அதிகமாக அடைக்கிறது.

நண்பர்கள் சிலர் கேட்டார்கள்: “ஊர் முழுக்க பார்க்கிங் சண்டை நடக்கிறது. எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்க வேண்டுமா?” நியாயமான கேள்விதான். தெருக்கள் ஒடுங்கிவிட்டன, வண்டிகள் பெருகிவிட்டன, வீடு கட்டுகிறவர்கள் வண்டிக்கு இடம் விடுவதில்லை. ஒரே சாதிக்காரர்கள், ஏன் அண்ணன் தம்பிகளே, வாசலை மறித்த வண்டிக்காக அடித்துக்கொள்கிறார்கள். வழி அடைபட்ட இடத்தில் எல்லாம் சாதி இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் சாதி இருக்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்க முடியும். அந்தப் பாதையில் மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். தோழரின் வீட்டில் முன்பு இருந்தவர் கார் வைத்திருந்தார். அவர் இருந்த ஆண்டுகளில் பாதையின் வாயில் எந்த வண்டியும் நின்றதில்லை என்று அவரே எங்களிடம் சொன்னார். அவர் இடப்பக்க வீட்டுக்காரரின் சாதி. வலப்பக்க வீட்டுப் பெண் ஸ்கூட்டரை வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஒரு ஹாரன் போதும், கார் நகர்ந்துவிடுகிறது. தோழர் கேட்டால் மட்டும், “இருங்க, சாப்பிட்டுட்டு வர்றேன்.” பாதை அதேதான். கார் அதேதான். காத்திருக்க வேண்டியவர் மட்டும் மாறுகிறார். இடப் பற்றாக்குறையில் வந்த சண்டை என்றால் மூன்று வீட்டுக்கும் ஒரே மாதிரி அல்லவா வலிக்க வேண்டும்?

வண்டியும் வழியும் நம் வரலாற்றில் சில்லறை விஷயங்களாக என்றுமே இருந்ததில்லை. 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். அந்தச் சாலையில் வண்டியில் அமர்ந்து போகும் உரிமை தன் மக்களுக்கும் உண்டு என்பதை நிலைநாட்டத்தான் ஓட்டினார். 1901இல் சிறுவன் பீமாராவ் தன் அண்ணனோடும் அக்காள் மகன்களோடும் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போனபோது, மசூர் ரயில் நிலையத்தில் அவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி. அதுவும், வண்டியை ஓட்டுவது பிள்ளைகளாம், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவாராம். 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து போராடியது எதற்கு? பொதுச் சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் பொது இடங்களிலும் நம் மக்களை யாரும் தடுக்கக் கூடாது என்பதற்கு. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டம் தொடங்கியது.

நூறாண்டு பழைய கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை உடைத்து நம் மக்களுக்குப் பாதை திறக்க 2008 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காகச் சாதியைச் சொல்லித் தாக்கினார்கள் என்பது புகார். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் பாதையின் வாயில் குறுக்காக நிற்கும் அந்தக் கார் என்னவென்று புரியும். அது சக்கரம் வைத்த சுவர். இடிக்க வந்தால் நகர்த்திவிடலாம், போனதும் மறுபடி கொண்டுவந்து நிறுத்திவிடலாம். அதிகாரிகளும் எந்தச் சுவரையும் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு வசதி.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவத் தோழர்கள் தெரிந்துவைத்திருப்பது அவசியம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பிரிவு 3(1)(இசட்ஏ), பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சாலையையோ வழியையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ பொது இடத்தில் ஓட்டுவதைத் தடுப்பதையும் அதே பிரிவு பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது. ‘மற்றவர்களுக்குச் சமமாக’ என்ற சொற்களைக் கவனியுங்கள். நாம் மேலே சொன்ன சோதனை சட்டத்திலேயே இருக்கிறது.

மூன்று வீட்டுக்குப் பொதுவான தனியார் பாதைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதற்குத்தான் 3(1)(ஜி) இருக்கிறது. நிலத்தின் மீதோ மனையின் மீதோ உள்ள உரிமையை அனுபவிக்க விடாமல் குறுக்கிடுவதை அது குற்றமாக்குகிறது. பத்திரத்தில் எழுதிய தடவழிப் பாத்தியம் உரிமை இல்லாமல் வேறென்ன? மனுவில் இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட வேண்டும்.

அடுத்தது வசவு. சாதியை வைத்துப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் வரும். 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டின் நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னது இதில் வராது என்றது. சொத்துத் தகராறில் எதிரே இருப்பவர் தலித் என்பதாலேயே அது வன்கொடுமை ஆகிவிடாது என்றும் சொன்னது. காவல் நிலையங்களுக்கு இந்தத் தீர்ப்பு மனப்பாடம். அவர்கள் சொல்லாமல் விடுவது 2008இல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னதை. அந்த வழக்கில் திட்டு வாங்கியவர் ஒரு கார் ஓட்டுநர். வீட்டு வாசல் கேட் அருகே நிறுத்தியிருந்த காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது சாதியைச் சொல்லித் திட்டப்பட்டார். கேட் அருகே உள்ள இடம் பொதுப் பார்வையில் உள்ள இடமே என்றது நீதிமன்றம். இடம் தனியாருடையதாக இருந்தாலும் வெளியார் பார்க்க முடிந்தால் போதும். தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் பொதுப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு வேண்டுமா?

வழக்குப் பதிவு செய்வதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று இந்தச் சட்டத்தின் பிரிவு 18ஏ சொல்கிறது. வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருந்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று பிரிவு 4 சொல்கிறது. ‘பேசித் தீர்த்துக்கங்க’ என்று அனுப்புகிறவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் மரியாதையாக, எழுத்தில் நினைவூட்டுங்கள்.

இனி எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோழர் முதன்முதலில் இதைச் சொன்னபோது நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? “விடுங்க தோழர், பைக்கைத் தெருவிலேயே நிறுத்திடுங்க. இதைவிடப் பெரிய பிரச்சினையெல்லாம் இருக்கு.” கொலையும் தீவைப்பும் பார்த்துப் பழகிய இயக்கத்துக்கு ஒரு கார் நிற்பது சின்ன விஷயமாகத் தெரிந்தது. காவல் நிலையம் பின்னால் வைத்த பெயரை நாங்கள் முன்னாலேயே வைத்துவிட்டோம். இது தவறு. வன்கொடுமை எடுத்த எடுப்பில் அரிவாளோடு வருவதில்லை. இறங்கி உருட்டு, ஒதுங்கி நட, கேட்டுவிட்டுப் போ என்றுதான் முதலில் வரும். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரைத் தேடித்தான் அரிவாள் வருகிறது.

அந்த அம்மா சொன்னார்: “நான் நடந்தே வந்துர்றேன்யா. இதுக்குப் போயி எதுக்குச் சண்டை?” அவர் வளர்ந்த கிராமத்தில் ஊர்த் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். நகரத்துக்கு வந்தால் அது முடியும் என்று நம்பித்தான் மகன் இருபது ஆண்டுக் கடனில் வீடு வாங்கினார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போக நாம் விடலாமா?

எனவே தோழர்களே, உங்கள் வீட்டிலோ விடுதியிலோ தெருவிலோ இப்படி நடந்தால் முதல் நாளிலிருந்தே குறித்துவையுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வண்டி நின்றது என்று எழுதுங்கள். படம் எடுங்கள். அதே இடத்தில் மற்றவர்களுக்கு வழி விடப்பட்டதையும் பதிவு செய்யுங்கள், அதுதான் முதன்மையான சாட்சியம். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, யார் முன்னால் சொன்னது என்று சேருங்கள். பத்திர நகலை இணையுங்கள். மனுவின் தலைப்பில் ‘வண்டி நிறுத்துவது தொடர்பாக’ என்று எழுதாதீர்கள். ‘சாதி காரணமாக வழி மறிப்பது தொடர்பாக’ என்று எழுதுங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். பாதை உரிமைக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கேட்டுத் தனியாக வழக்குப் போடலாம். ஒன்றுக்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை. ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். எதிர்த்தரப்பின் காரில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அந்தக் கீறலுக்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

எங்கள் தோழரின் மனு கண்காணிப்பாளர் அலுவலகம் வரை போன பிறகு முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது. கார் இப்போது அவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிற்கிறது, பூந்தொட்டிகள் மாடிக்குப் போய்விட்டன. வழக்கு இனிமேல்தான். சமரசம் பேச ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மா இன்னமும் பழக்கத்தில் தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்தச் சொல்கிறார். “உள்ள போகும்மா, நம்ம பாதைதான்” என்று மகன் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்ம பாதைதான். தயவால் கிடைத்ததல்ல, பாத்தியத்தால் நம்முடையது.

ஜெய்பீம்.